யெல்லோ டெவில்: மெகா மேன் தொடரின் மஞ்சள் பூதம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யெல்லோ டெவில் என்பது யார்? எங்கே வருகிறது?

கேப்காம் நிறுவனம் 1987 டிசம்பரில் ஜப்பானில் நின்டெண்டோவின் ஃபேமிகாம் என்னும் வீட்டு விளையாட்டுக் கருவிக்காக வெளியிட்ட பிளாட்ஃபார்ம் விளையாட்டு (ஓடியும் தாவியும் முன்னேறும் வகை) ராக்மேன். ஜப்பானுக்கு வெளியே அது மெகா மேன் என்ற பெயரில் அறியப்படுகிறது; நாம் இயக்கும் நாயகனின் பெயரும் அதுவே. கட் மேன், கட்ஸ் மேன், ஐஸ் மேன், பாம் மேன், ஃபயர் மேன், எலெக் மேன் என்னும் ஆறு ரோபோக்களையும் தாம் விரும்பிய வரிசையில் வென்ற பிறகுதான் வில்லனான டாக்டர் வைலியின் கோட்டை திறக்கும். அந்தக் கோட்டையின் முதல் கட்டத்து முடிவில் வழிமறித்து நிற்கும் ஒற்றைக் கண் மஞ்சள் பூதமே யெல்லோ டெவில். அதுவரை எதிர்கொண்ட ஆறு பாஸ்களும் (ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் வரும் முக்கிய எதிரிகள்) மெகா மேனின் உயரத்தை ஒட்டியவர்கள். இதுவோ திரையின் பெரும்பகுதியை அடைத்துக்கொள்கிறது. அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக, வெவ்வேறு நிறத்திலும் வடிவத்திலும் இந்தப் பூதம் தொடருக்குள் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கிறது.

அதனுடன் நடக்கும் சண்டை எப்படிப்பட்டது?

பூதம் திரையின் ஓர் ஓரத்தில் நிற்கும். கண்ணைத் திறந்து ஒரு குண்டை மெகா மேனை நோக்கி எறியும். பிறகு அதன் உடல் துண்டு துண்டாகப் பிரிந்து, ஒவ்வொரு துண்டும் திரையின் குறுக்கே பறந்து எதிர் ஓரத்தை அடையும். அங்கே எல்லாத் துண்டுகளும் சேர்ந்து மறுபடியும் முழு உடலாகும். மறுபடியும் கண் திறக்கும். கண் திறந்திருக்கும் அந்தச் சிறு நேரத்தில், கண்ணில் படும் குண்டு மட்டுமே அதைக் காயப்படுத்தும். உடலின் வேறெந்தப் பகுதியில் சுட்டாலும் பயனில்லை. பறக்கும் துண்டுகளை அழிக்கவும் முடியாது, விலகத்தான் வேண்டும்.

சொல்லப்போனால் சண்டை இவ்வளவுதான். கண், குண்டு, துண்டுகள் என்ற மூன்றைத் தவிர அதனிடம் வேறு வித்தை எதுவும் கிடையாது.

இவ்வளவு எளிய சண்டையை ஏன் எல்லோரும் கடினம் என்கிறார்கள்?

அதற்கு முந்தைய ஆறு பாஸ்களிடம் ஓரளவு தற்செயலாகவும் வெல்ல முடியும். சரியான ஆயுதத்தைக் கையில் எடுத்து, அடி வாங்கிக்கொண்டே முன்னேறிச் சுட்டால், நம் உயிர்ப்பட்டை தீர்வதற்குள் எதிரியின் உயிர்ப்பட்டை தீர்ந்துவிடும். யெல்லோ டெவிலிடம் இந்த வழி செல்லாது. தாக்குவதற்கான நேரத்தை அதுதான் தீர்மானிக்கிறது. நாம் எவ்வளவு அவசரப்பட்டாலும் கண் திறக்காமல் ஒன்றும் செய்ய முடியாது. ஒருமுறை கண் திறப்பதற்கும் அடுத்த முறை திறப்பதற்கும் இடையே உடல் முழுவதும் நம்மைக் கடந்து போக வேண்டும். மெகா மேனின் உயிர்ப்பட்டையில் இருப்பது 28 கோடுகள். துண்டுகளின் பாதையில் தடுமாறி நிற்பவருக்கு அவை ஓரிரு சுற்றுகளிலேயே கரைந்துவிடும்.

இதனுடன் முதல் விளையாட்டின் கண்டிப்பும் சேர்ந்துகொள்கிறது. உயிர்ப்பட்டையை நிரப்பும் ஈ-டேங்க் இரண்டாம் விளையாட்டில்தான் அறிமுகமானது. சறுக்கிச் செல்லும் அசைவு 1990-இல் வந்த மூன்றாம் விளையாட்டிலும், குண்டைச் சேர்த்துவைத்துப் பெரிதாகச் சுடும் வசதி 1991-இல் வந்த நான்காம் விளையாட்டிலும்தான் வந்தன. முதல் விளையாட்டில் விட்ட இடத்தைக் குறித்துவைக்கக் கடவுச்சொல் கூடக் கிடையாது. ஓடுவது, தாவுவது, சுடுவது என்ற மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் இந்த அறைக்குள் நுழைகிறார்.

ஆனால் கடினம் என்பதும் அநியாயம் என்பதும் வேறு வேறு. துண்டுகள் பறக்கும் வரிசை மாறுவதே இல்லை என்பதுதான் இந்தச் சண்டையின் உயிர்நாடி. முதல் சுற்றில் எந்தத் துண்டுக்குப் பின் எந்தத் துண்டு வந்ததோ, அதே ஒழுங்கில்தான் பத்தாம் சுற்றிலும் வரும். பூதம் தன் திட்டத்தை முழுவதுமாக நம் கண்முன் விரித்துக் காட்டிவிடுகிறது. அதைப் படித்துக்கொள்ளும் பொறுமை நம்மிடம் இருக்கிறதா என்று மட்டும் கேட்கிறது. பிளாட்ஃபார்ம் விளையாட்டுகளின் பாஸ்களில் இதைவிட நேர்மையான எதிரி அரிது என்பது என் உறுதியான கருத்து. இந்தப் பக்கத்தில் அடுத்து வரும் வடிவங்களையும் இந்த நேர்மையை அளவுகோலாகக் கொண்டே மதிப்பிட்டிருக்கிறேன்.

துண்டுகளின் வரிசையை எப்படிக் கற்றுக்கொள்வது?

முதலில் சுடுவதை நிறுத்திவிட வேண்டும். அறைக்குள் நுழைந்த முதல் இரண்டு மூன்று முயற்சிகளை வெல்வதற்காக அல்லாமல் பார்ப்பதற்காகவே செலவிடுவது நல்லது. பெரும்பாலானோர் கண்ணைச் சுடும் பரபரப்பில் துண்டுகள் புறப்படும் கணத்தைத் தவறவிடுகிறார்கள். அங்கே தவறவிட்ட கவனம் அந்தச் சுற்று முழுவதும் திரும்புவதில்லை.

இரண்டாவதாக, பார்வை எங்கே இருக்க வேண்டும் என்பது முக்கியம். மெகா மேனையே பார்த்துக்கொண்டிருந்தால் துண்டு அருகில் வந்த பிறகுதான் தெரியும். அப்போது தாவுவதற்கு நேரம் இருக்காது. பூதம் நிற்கும் ஓரத்தையே பார்க்க வேண்டும். எந்த உயரத்திலிருந்து துண்டு கழன்றதோ, அதே உயரத்தில்தான் அது நேர்கோட்டில் பறந்து வரும். ஆகவே கழலும் இடத்தைக் கண்டவுடனேயே அது தலைக்கு மேலே போகுமா, உடலில் மோதுமா என்பது தெரிந்துவிடுகிறது. பூதத்தை விட்டுச் சற்று விலகி நின்றால் இந்த முடிவை எடுக்கக் கூடுதல் அவகாசம் கிடைக்கும்; ஆனால் பூதம் வந்து சேரும் எதிர் ஓரத்தில் ஒட்டி நிற்கவும் கூடாது, ஏனெனில் அது கூடும் இடத்தில் நமக்கு இடமிருக்காது.

மூன்றாவது, பலருக்குப் பிடிபடத் தாமதமாகும் ஒன்று: எல்லாத் துண்டுக்கும் தாவக் கூடாது. உயரத்தில் வருபவை நாம் அசையாமல் நின்றாலே மேலாகக் கடந்துவிடும். பதற்றத்தில் தாவி அவற்றிலேயே போய் முட்டிக்கொள்பவர்கள்தான் அதிகம். தாவ வேண்டியது தாழ்ந்து வருபவற்றுக்கு மட்டுமே. அதிலும் தாவலின் உயரம் பொத்தானை எவ்வளவு நேரம் அழுத்திப் பிடிக்கிறோம் என்பதைப் பொறுத்தது. தாழ்ந்த துண்டுக்குப் பின்னால் உடனே உயர்ந்த துண்டு வருகிற இடங்களில் பொத்தானைத் தட்டிவிட்டது போலச் சிறிதாகத் தாவி இறங்க வேண்டும். முழுத் தாவல் நம்மை இரண்டாம் துண்டின் பாதையில் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

இந்த மூன்றும் பழகிய பின், வரிசையைப் படமாக நினைவில் வைப்பதைவிடத் தாளமாக நினைவில் வைப்பது எளிது என்பதை நீங்களே உணர்வீர்கள். ஜதியை வாயால் சொல்லிப் பழகிய பின் கால் தானாக அடவைப் பிடித்துக்கொள்வதைப் போல, "நில், தாவு, நில், நில், தாவு" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே விளையாடினால் விரல்கள் விரைவில் பழகிவிடும்.

அடிபட்டுவிட்டால் கலங்க வேண்டாம். அடிபட்டவுடன் மெகா மேன் மினுக்கும் சிறு பொழுதில் வேறெந்தத் துண்டும் அவரைத் தாக்காது. அந்தப் பொழுதை அடுத்த துண்டு எங்கிருந்து கழல்கிறது என்று பார்ப்பதற்குப் பயன்படுத்தி, தாளத்துக்குள் மீண்டும் நுழைந்துகொள்ளலாம்.

எந்த ஆயுதம் சிறந்தது?

எலெக் மேனை வென்றால் கிடைக்கும் தண்டர் பீம். கோட்டை திறப்பதற்கே ஆறு பேரையும் வென்றிருக்க வேண்டும் என்பதால், இந்த அறைக்கு வருபவர் எல்லோரிடமும் அது இருக்கும். மெகா மேனின் வழக்கமான கைத்துப்பாக்கியான பஸ்டர், பூதத்தின் 28 கோடுகளில் ஒன்றை மட்டுமே குறைக்கிறது. தண்டர் பீமின் ஒரு தாக்குதல் நான்கு கோடுகளை எடுத்துவிடும். அதாவது, துண்டுகளை விலகக் கற்றுக்கொண்டவருக்கு இது ஏழு முறை சரியாகச் சுட வேண்டிய சண்டையாகச் சுருங்கிவிடுகிறது. வழியில் தண்டர் பீமின் ஆற்றலை வீணாக்காமல் பூதத்துக்கென்று மிச்சம் வைத்திருப்பது அவசியம்.

செலக்ட் பொத்தான் தந்திரம் என்று ஒன்றைச் சொல்கிறார்களே, அது என்ன?

ஃபேமிகாம் வடிவத்தின் முதல் விளையாட்டில் ஸ்டார்ட் பொத்தான் ஆயுதப் பட்டியலைத் திறக்கும். செலக்ட் பொத்தான் ஆட்டத்தை அப்படியே நிறுத்தும். ஓர் எதிரி அடிபட்டதும் சில கணங்களுக்கு மறு அடி பதியாதபடி பாதுகாக்கப்படுகிறார். தண்டர் பீமோ இலக்கைத் தொட்டும் மறையாமல் ஊடுருவிச் செல்லும் ஆயுதம். அது பூதத்தின் கண்ணைக் கடந்துகொண்டிருக்கும்போது செலக்டை அழுத்தி நிறுத்திவிட்டு மீண்டும் தொடங்கினால், பாதுகாப்புக் காலம் தீர்ந்திருக்கும், ஆனால் ஆயுதம் இன்னும் கண்ணின் மேலேயே இருக்கும். எனவே அதே ஒரு தாக்குதல் மறுபடியும் பதியும். இப்படியே அழுத்திக்கொண்டிருந்தால் ஒரே தண்டர் பீமில் பூதத்தின் உயிர்ப்பட்டை முழுவதையும் தீர்த்துவிடலாம்.

இது உருவாக்கியவர்கள் திட்டமிட்டு வைத்த வழி அல்ல, நிரலில் விடுபட்டுப்போன ஓர் ஓட்டை. 1994-இல் முதல் மூன்று விளையாட்டுகளும் மெகா டிரைவ் கருவிக்காக மறுவடிவம் பெற்று ஒரே தொகுப்பாக வந்தபோது இந்த ஓட்டை அடைக்கப்பட்டிருந்தது.

அதைப் பயன்படுத்துவது ஏமாற்று வேலையா?

தனியாக விளையாடும் விளையாட்டில் யாரை யார் ஏமாற்றுகிறார்கள்? அந்தச் சொல் இங்கே பொருந்தாது. கோட்டையின் மீதிக் கட்டங்களைப் பார்க்க விரும்பி, இந்த ஓர் அறையில் மனம் சோர்ந்துபோன ஒருவர் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம். ஆனாலும், முதல் விளையாட்டு தரும் மிகச் சிறந்த அனுபவம் இந்தச் சண்டைதான் என்று நம்புகிறவன் என்ற முறையில், ஒருமுறையாவது தந்திரம் இல்லாமல் வென்று பாருங்கள் என்று கேட்டுக்கொள்வேன். துண்டுகள் ஒன்றுகூட மேலே படாமல் முழு உடலும் நம்மைக் கடந்து போகும் அந்தச் சுற்றின் நிறைவைத் தந்திரத்தால் தர முடியாது.

பூதம் ஏன் நடப்பதே இல்லை? ஏன் துண்டுகளாகப் பறக்கிறது?

இதற்கான விடை கருவியின் அமைப்பில் இருக்கிறது. ஃபேமிகாமின் திரையில் இரண்டு வகைப் படங்கள் உண்டு. ஒன்று பின்னணி: 8×8 பிக்சல் சதுரங்களை ஓடு பதித்தது போல அடுக்கி வரையப்படுவது. மற்றொன்று ஸ்பிரைட்: திரையில் விருப்பப்படி நகரக்கூடிய சிறு படம். ஒரே நேரத்தில் 64 ஸ்பிரைட்டுகள்தான் இருக்க முடியும். ஒரே கிடைக்கோட்டில் எட்டுக்கு மேல் காட்ட முடியாது. எட்டு ஸ்பிரைட் என்பது 64 பிக்சல் அகலம். திரையின் அகலம் 256 பிக்சல். ஆகவே பேருருவம் ஒன்றை முழுக்க ஸ்பிரைட்டுகளால் வரைந்தால், அதே உயரத்தில் மெகா மேனும் அவருடைய குண்டும் வந்த கணமே ஏதாவது ஒன்று திரையிலிருந்து மறைந்துபோகும்.

எனவே நிற்கும் பூதத்தைப் பின்னணிச் சதுரங்களால் வரைந்தார்கள். பின்னணியாக எவ்வளவு பெரிதாகவும் வரையலாம். ஆனால் சுற்றியிருப்பவற்றை விட்டுவிட்டு அதை மட்டும் நகர்த்துவது எளிதல்ல. நகர வேண்டிய நேரத்தில் உடலின் ஒரு பகுதி பின்னணியிலிருந்து அழிக்கப்படுகிறது. அதே இடத்தில் ஒரு ஸ்பிரைட் துண்டு தோன்றிப் பறக்கிறது. எதிர் ஓரத்தை அடைந்ததும் ஸ்பிரைட் மறைந்து, அங்கே பின்னணியில் அந்தப் பகுதி வரையப்படுகிறது. எந்தக் கணத்திலும் பறந்துகொண்டிருப்பவை சில துண்டுகளே என்பதால் எல்லைக்குள் எல்லாம் அடங்கிவிடுகிறது.

நகர முடியாத பேருருவம் ஒன்றை நகர்த்துவதற்குக் கண்டுபிடிக்கப்பட்ட வழியே அதன் தாக்குதலாகவும் அமைந்துவிட்டது. கருவியின் போதாமையை மறைப்பதற்காகச் செய்யப்பட்ட வேலைகள் அக்கால விளையாட்டுகளில் ஏராளம். ஆனால் போதாமையே பாத்திரத்தின் இயல்பாகவும், சண்டையின் விதியாகவும், ஆட்டக்காரர் படிக்க வேண்டிய பாடமாகவும் ஒருசேர மாறிய இடம் இதைப் போல் வேறொன்று எனக்குத் தெரியவில்லை. அகிரா கிதாமுராவின் இயக்கத்தில் சிறு குழுவொன்று செய்த வேலை இது என்பதை நினைக்கும்போது மதிப்பு இன்னும் கூடுகிறது.

மூன்றாம் விளையாட்டில் வருவதும் இதே பூதம்தானா?

அதன் இரண்டாம் பதிப்பு. யெல்லோ டெவில் மார்க் டூ என்பது பெயர். வைலி கோட்டையின் இரண்டாம் கட்டத்து முடிவில் வருகிறது. அமைப்பு பழையதுதான், ஆனால் நம் கை ஓங்கியிருக்கிறது: சறுக்கல் இருக்கிறது, சேமித்துவைத்த ஈ-டேங்க் இருக்கிறது. ஹார்ட் மேனிடமிருந்து பெறும் ஹார்ட் நக்கிள் அதற்கு ஏற்ற ஆயுதம். மெதுவாகக் கிளம்பும் ஆயுதம் என்பதால் கண் திறக்கும் நேரத்தைச் சற்று முன்கூட்டியே கணித்துச் சுட வேண்டும். முதல் பூதத்தை வென்றவருக்கு இது பழைய நண்பரைச் சந்திப்பது போலத்தான் இருக்கும்.

பச்சை நிறத்திலும் கறுப்பு நிறத்திலும் வருபவை?

பச்சைப் பூதமான கிரீன் டெவில் 1996-இல் வந்த எட்டாம் விளையாட்டைச் சேர்ந்தது. இதன் உடல் கெட்டியான துண்டுகளால் ஆனதன்று, கூழ் போன்றது. சுடச் சுட உடல் சிதறி, உள்ளே இருக்கும் கண் வெளிப்படும். கண்ணுக்காகக் காத்திருப்பது போய், கண்ணைத் தேடித் தோண்டுவது வந்துவிடுகிறது. பார்க்க அழகான சண்டை. ஆயினும் வரிசையைப் படிக்கும் வேலை இதில் பின்னுக்குப் போய்விட்டது என்பதால் என் அளவுகோலில் இது ஒரு படி கீழேதான் நிற்கிறது.

கறுப்புப் பூதம் ஷேடோ டெவில். அது மெகா மேன் எக்ஸ் என்னும் கிளைத் தொடரின் ஐந்தாம் விளையாட்டில், 2000-ஆம் ஆண்டில் வந்தது. எக்ஸ் தொடரின் கதை மூலத் தொடருக்கு நெடுங்காலம் பின்னால் நடப்பது. அங்கே இந்த உருவம் தலைகாட்டியதே பழைய ஆட்டக்காரர்களைத் திடுக்கிட வைத்தது. எக்ஸ் தொடரில் சுவரைப் பற்றி ஏறலாம், பாய்ந்து விலகலாம். விலகும் வழிகள் பெருகியதால் சண்டையும் அதற்கேற்ப வேகமெடுத்தது.

ட்வின் டெவில், பிளாக் (Block) டெவில் என்பவை எவை?

இரண்டும் ஃபேமிகாம் காலத்துப் பழைய எட்டு பிட் தோற்றத்துக்கே திரும்பிச் சென்ற விளையாட்டுகளில் வருபவை. 2008-இல் வெளியான ஒன்பதாம் விளையாட்டில் மெகா மேனால் சறுக்கவும் முடியாது, குண்டைச் சேர்த்துவைத்துச் சுடவும் முடியாது. வேண்டுமென்றே அவருடைய அசைவுகளை முதல் இரு விளையாட்டுகளின் அளவுக்குக் குறைத்திருந்தார்கள். அங்கே வரும் ட்வின் டெவில் இரட்டைப் பூதம். இரு ஓரங்களிலும் நின்றுகொண்டு தமக்குள் உடல் துண்டுகளைப் பரிமாறிக்கொள்ளும். நடுவே மாட்டிக்கொண்டவர் மெகா மேன். ஒரே திசையைப் பார்த்துப் பழகிய கண்களை இரண்டு திசைக்கும் பழக்க வேண்டியிருக்கிறது. முதல் பூதத்தின் கருத்தைச் சிதைக்காமல் வளர்த்தெடுத்த மிகச் சிறந்த வாரிசு என்று இதைத்தான் சொல்வேன்.

2010-இல் வந்த பத்தாம் விளையாட்டின் பிளாக் டெவில், 'பிளாக்' (Block, கட்டை) என்ற பெயருக்கேற்பக் கட்டைகளால் ஆன உடல் கொண்டது.

பதினோராம் விளையாட்டின் பூதம் எப்படி இருக்கிறது?

2018 அக்டோபரில் வெளிவந்த பதினோராம் விளையாட்டில், கியர் கோட்டையின் முதல் கட்டத்தில் யெல்லோ டெவில் மார்க் த்ரீ காத்திருக்கிறது. முப்பரிமாண உருவங்களால் வரையப்பட்ட விளையாட்டு இது என்பதால் பழைய கட்டுப்பாடு எதுவும் கிடையாது. துண்டுகளாகப் பறப்பதுடன், சிறு பூதங்களாகவும் பிரிந்து நடந்து வருகிறது. கருவியின் தேவை தீர்ந்த பிறகும் துண்டாகும் இயல்பை விடாமல் வைத்திருப்பது, அது இப்போது அந்தப் பாத்திரத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது என்பதைக் காட்டுகிறது.

இதே விளையாட்டில் மெகா மேனுக்கு ஸ்பீட் கியர் என்ற வசதியும் கிடைக்கிறது. அதை இயக்கினால் சிறிது நேரத்துக்குச் சுற்றியுள்ள எல்லாம் மெதுவாகும். துண்டுகள் கழலும் கணத்தில் இயக்கினால் ஒவ்வொன்றின் உயரத்தையும் நிதானமாகப் பார்க்கலாம். ஆனால் அளவுக்கு மீறி இயக்கினால் கியர் சூடேறி நின்றுவிடும், ஆறும்வரை கைகொடுக்காது. ஆகவே சுற்று முழுவதும் அதையே நம்பாமல், நீங்கள் வழக்கமாகத் தடுமாறும் இடத்துக்கு மட்டும் ஒதுக்கிவைப்பது நல்லது.

தொடருக்கு வெளியே எங்காவது வருகிறதா?

வருகிறது. 2014-இல் வீ யூ கருவிக்கு வந்த, பல விளையாட்டுகளின் பாத்திரங்கள் ஒன்றோடொன்று மோதும் சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் விளையாட்டில் வைலி கோட்டை ஒரு சண்டைக்களமாக இடம்பெற்றது. அங்கே யெல்லோ டெவில் இடையில் நுழைந்து எல்லோரையும் தாக்கும். அங்கும் கண்தான் அதன் பலவீனம். அதை வீழ்த்தினால் பெரிய வெடிப்பு நிகழும். கடைசி அடியைக் கொடுத்தவரை மட்டும் அந்த வெடிப்பு தாக்காது. 2018-இல் வந்த அடுத்த ஸ்மாஷ் விளையாட்டிலும் அந்தக் களம் உண்டு.

இன்று முதல் விளையாட்டை எதில் விளையாடலாம்? பின்னோக்கிச் சுழற்றும் வசதியைப் பயன்படுத்தலாமா?

2015-இல் வெளியான மெகா மேன் லெகசி கலெக்ஷனில் முதல் ஆறு விளையாட்டுகளும் இருக்கின்றன. மூல வடிவத்துக்கு நெருக்கமாக இருப்பதால் புதியவர்களுக்கு அதையே பரிந்துரைப்பேன். 2006-இல் பிஎஸ்பி கருவிக்கு வந்த மெகா மேன் பவர்டு அப் முதல் விளையாட்டின் மறுஆக்கம். தோற்றம் குழந்தைத்தனமாக இருந்தாலும் அதுவும் நல்ல படைப்பே.

2018-இல் நின்டெண்டோ ஸ்விட்ச் கருவிக்கு வந்த லெகசி கலெக்ஷனில் ஆட்டத்தைப் பின்னோக்கிச் சுழற்றும் வசதி சேர்க்கப்பட்டது. யெல்லோ டெவிலைப் பொறுத்தவரை அதைக் கற்கும் கருவியாகப் பயன்படுத்தலாம். ஒவ்வொரு அடிக்குப் பின்னும் சுழற்றி அழித்துக்கொண்டே போனால் சண்டை முடிந்த பிறகும் வரிசை மனதில் தங்கியிருக்காது. மாறாக, ஒரு சுற்று முழுவதையும் ஓடவிட்டு, எந்தத் துண்டில் தவறினோம் என்று கண்டுகொண்டு, துண்டுகள் கழலத் தொடங்கிய இடத்துக்குச் சுழற்றிப்போய் அந்தச் சுற்றை மட்டும் மறுபடி மறுபடி ஆடிப் பாருங்கள். அது கைவந்ததும் சுழற்றும் வசதியை விட்டுவிட்டு, கட்டத்தின் தொடக்கத்திலிருந்து வந்து அறைக்குள் நுழையுங்கள். தண்டர் பீமின் ஆற்றல் நிறைந்திருக்கிறதா என்று கதவைக் கடக்கும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.